கிளைக்குக் கிளை, கம்பெனிக்குக் கம்பெனி: ஒப்பீட்டு முறைகளோடு சில வருடங்கள்

பல கிளைகள் உள்ள நிறுவனத்தில் பெஞ்ச்மார்க்கிங், அதாவது கிளைகளையும் நிறுவனங்களையும் ஒப்பிட்டு அளப்பது, என் பொறுப்பு. எந்த முறை தாக்குப்பிடிக்கிறது என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

எனக்கு இன்றும் பிடித்தது பழைய டூபாண்ட் முறைதான். முதலீட்டின் மீதான வருவாயை லாப விகிதம் (விற்பனையில் லாபம் எவ்வளவு), சொத்துச் சுழற்சி (சொத்தை வைத்து எவ்வளவு விற்பனை) என்று இரண்டாகப் பிரித்துவிடும். ஒரே வருவாய் காட்டும் இரண்டு கிளைகளில் ஒன்று நல்ல விலைக்கு விற்கிறது, மற்றது சரக்கை வேகமாகத் திருப்புகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். இரண்டுக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது.

ஆனால் கணக்கைவிட வரையறைதான் உயிரை வாங்கும். 'டெலிவரி நேரம்' என்றால் ஒரு கிளை ஆர்டர் வந்த நிமிடத்திலிருந்து எண்ணும், இன்னொன்று வண்டி கிளம்பியதிலிருந்து எண்ணும். இதைச் சரிசெய்யாமல் போட்ட எந்த அட்டவணையும் சண்டையில்தான் முடியும்.

அடுத்தது டி.இ.ஏ. (டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்): ஆள், இடம் போன்ற உள்ளீடுகளை வைத்து ஒரு கிளை விற்பனை போன்ற வெளியீடுகளை எவ்வளவு எடுக்கிறது என்று மற்ற கிளைகளோடு ஒப்பிட்டு அளப்பது. 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் முன்வைத்த முறை. ஒவ்வொரு கிளைக்கும் அதற்கு மிகச் சாதகமான எடைகளை (எந்த அளவீட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை) தந்தே மதிப்பெண் போடும்; உச்ச மதிப்பெண் 1. அப்படியும் 1-க்குக் கீழே வந்தால் சாக்குச் சொல்ல இடம் குறைவு. மதிப்பெண்ணைவிட, யாரோடு ஒப்பிட வேண்டும் என்று அது காட்டும் கிளைகளின் பட்டியல்தான் எனக்குப் பயன்பட்டது. கிளைகள் குறைவாக, அளவீடுகள் அதிகமாக இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருமே 1 வாங்கிவிடுவார்கள். உள்ளீடு, வெளியீடு இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டி, அதைப்போல் மூன்று மடங்குக் கிளைகளாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உச்சத்தில் நிற்கும் கிளையின் தரவில் ஒரு பிழை இருந்தாலும் மற்றவர்களின் மதிப்பெண் சரிந்துவிடும்.

வெளி நிறுவனங்களோடு ஒப்பிடுவது வேறு கதை. ஆண்டறிக்கையில் 'ஊழியருக்கு விற்பனை' பிரமாதமாகத் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்த எண்ணிக்கையிலேயே இருக்க மாட்டார்கள். போட்டியாளரிடம் நேரடியாக விலை, சம்பள விவரம் கேட்டால் போட்டிச் சட்டச் சிக்கல் வரலாம். அதனால் நடுவில் ஒரு அமைப்பு தரவைத் திரட்டி, பெயரில்லாமல் நடுமதிப்பும் சிறந்த கால்பகுதி நிறுவனங்களின் எல்லையும் மட்டும் தரும் ஏற்பாடே பரவாயில்லை.

துறைக்கு வெளியே போவது இன்னும் நல்லது. நகல் இயந்திர நிறுவனமான ஜெராக்ஸ் 1980-களின் தொடக்கத்தில் கிடங்கு வேலையைக் கற்க, தபாலில் துணிமணி விற்ற எல்.எல்.பீனிடம் போனது. போட்டி இல்லாத இடத்தில் கதவு எளிதில் திறக்கும்.

இப்போது காலாண்டுக்கு விகிதங்கள், வருடம் ஒருமுறை டி.இ.ஏ. என்று வைத்திருக்கிறேன். தரவரிசைப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்திவிட்டோம். அது இருந்தவரை கடைசி இடத்துக்காரர்கள் எண்ணை எதிர்த்து வாதாடினார்கள், அதை நிறுத்திய பிறகுதான் ஒப்பீட்டுக் கிளைக்குப் போன் போட ஆரம்பித்தார்கள்.