கொம்பு சரியாக விழுகிறதா? மூன்று இயங்குதளங்களோடு என் அனுபவம்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் இப்போது மூன்று கணினிகள் ஓடுகின்றன. என் வேலை மேசையில் விண்டோஸ் 11. படுக்கையறையில் 2021இல் வாங்கிய எம்1 மேக்புக் ஏர். அப்பாவின் அறையில் 2017ஆம் ஆண்டு மடிக்கணினி ஒன்று. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். மூன்றையும் வாரம் முழுவதும் தொடுகிறவள் நான் ஒருத்திதான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில். எது வேகமான கணினி, எதில் விளையாட்டு நன்றாக ஓடும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் தொடங்கி இரவு வரை தமிழில் எழுதிப் பிழைக்கிறவர் கைக்கு எது இசைந்து வருகிறது என்று கேட்டால், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

என் முதல் கணினி 2003இல் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆசையோடு ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், ‘கெ’ இருக்க வேண்டிய இடத்தில் ககரம் முன்னால் நின்றது, கொம்பு அதன் முதுகுக்குப் பின்னால் நின்றது. பக்கம் முழுவதும் அப்படித்தான். எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, லதா எழுத்துருவும் இருந்தது. ஆனால் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை நாமாகத்தான் முடுக்கிவிட வேண்டும். வட்டார, மொழி அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே அது எக்ஸ்பி குறுவட்டைக் கேட்கும். அந்தக் குறுவட்டைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்கியதும் கொம்பு தாவி முன்னால் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து எந்தப் புதுக் கணினியைத் தொட்டாலும் முதலில் ‘கொக்கு, கௌரி, ஸ்ரீ, லக்ஷ்மி’ என்று நான்கு சொல் தட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது நா. கோவிந்தசாமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் ஏற்றியவர். 1997இல் இங்கே நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தியவர். 1999இல் காலமானார். அவருடைய நாள்களில் எழுத்தைக் கணினிக்குள் பதிக்கும் முறை, அதாவது குறியேற்றம், ஆளுக்கு ஒன்று. ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவர் வைத்திருக்கும் எழுத்துரு நம்மிடமும் இருக்க வேண்டும். இன்று என் வீட்டில் இருக்கும் மூன்று கணினிகளிலும் அந்த நான்கு சொற்கள் பிசகில்லாமல் விழுகின்றன. யாரும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இதை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எழுத்து சரியாகத் தெரிவதில் மூன்றும் சமம் என்றால், வேறுபாடு தட்டச்சில் தொடங்குகிறது. நான் தமிழ் 99 விசைப்பலகைக்காரி. பெயரிலேயே ஆண்டு இருக்கிறது: 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற விசை அமைப்பு. அதன் அழகு புள்ளியில் இருக்கிறது. ‘அம்மா’ என்று எழுத நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே மெய் இரண்டு முறை விழுந்தால் முதல் மெய்க்குப் புள்ளி தானாக வந்துவிடும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. ‘வந்த’ என்பதற்கு வ, ந, த என்று மூன்று தட்டு போதும். ஆங்கில எழுத்துகளால் ammaa என்று தட்டும் ஒலிபெயர்ப்பு முறையில் அதே ‘அம்மா’வுக்கு ஐந்து தட்டு. ஒரு சொல்லில் ஒரு தட்டு மிச்சம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

இந்த வசதியை மேக் 2005ஆம் ஆண்டிலேயே இயங்குதளத்துக்குள் வைத்துவிட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் அப்போது வந்தவை. விண்டோஸுக்குள் தமிழ் 99 வர 2019 ஆயிற்று. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள் விண்டோஸில் தனி மென்பொருள் போட்டுத்தான் எழுதினேன். கணினி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் தேடிப் பிடித்து நிறுவ வேண்டும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலையும் அதற்குரிய எம்17என் தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி முறை எல்லாம் கிடைக்கும். பழைய ரெமிங்டன் பழக்கம் விடாத பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அதைச் சேர்த்து, கணக்கிலிருந்து ஒரு முறை வெளியேறி உள்ளே வரும்வரை எதுவும் நடக்காது. இதை யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தால்தான் புதியவருக்குத் தெரியும்.

அடுத்தது மொழி மாற்றம். என் வேலையில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நாளுக்கு நூறு தடவையாவது மாறவேண்டியிருக்கும். விண்டோஸில் விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையில் ஒரு பட்டியல் எழுந்து மறையும். மேக்கில் கேப்ஸ் லாக் விசையையே மொழி மாற்றும் விசையாக வைத்துக்கொள்ளலாம். இடது சுண்டு விரல் ஒரு தட்டு, தமிழ். இன்னொரு தட்டு, ஆங்கிலம். பட்டியல் இல்லை, கண்ணை எடுக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் விரல் தானாகப் பழகிவிட்டது. மேக் வாங்கியதற்கு எனக்கு வேறு காரணமே வேண்டாம், இது ஒன்று போதும் என்று பல இரவுகளில் தோன்றியிருக்கிறது.

இரவுகள் என்று சொன்னது வேண்டுமென்றுதான். அந்த மேக்புக் ஏருக்குள் விசிறி கிடையாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஒரு மணி வரை எழுதினாலும் விசை ஒலியைத் தவிர வேறு ஒலி இல்லை. வேலை மேசைக் கணினியின் விசிறி இந்த ஊர் வெக்கையில் மதியம் முழுவதும் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல் எவ்வளவு களைப்பைத் தந்தது என்பது அது நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. இன்னொன்று, கோப்பைத் திறக்காமலே இடைவெளி விசையைத் தட்டி உள்ளே என்ன என்று பார்க்கும் வசதி. ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று ஒரே கோப்பு ஐந்து பெயரில் வரும் தொழில் எனக்கு. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி அரை நிமிடத்தில் சரியானதைப் பிடித்துவிடுகிறேன். 2007 முதல் மேக்கில் இது உண்டு.

அப்படியானால் விண்டோஸ் எதற்கு? சாளரங்களுக்காக. மொழிபெயர்ப்பாளருக்கு இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ் என்று திரை இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். 2009இல் வந்த விண்டோஸ் 7இலேயே ஒரு சாளரத்தைத் திரை ஓரத்துக்கு இழுத்தால் அது பாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 11 அதை மூன்று, நான்கு கட்டங்களாகவும் பிரித்துத் தருகிறது. மேக்கில் முழுத்திரைப் பிளவு 2015இல் வந்தாலும், இப்படி ஓரத்தில் ஒட்டும் வசதி இயங்குதளத்துக்குள் வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மேக்கில் சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். மேக்கில் இன்னொரு வழக்கமும் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை: சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சாளரம்தான் மூடும், செயலி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸ் விசையோடு வி என்ற எழுத்தை அழுத்தினால் அண்மையில் நகலெடுத்தவை வரிசையாக வரும். 2018இல் வந்தது. கலைச்சொற்களைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறவர்களுக்கு இது சோறு போடும் வசதி. வாடிக்கையாளர்கள் அனுப்பும் வேர்டு கோப்புகளில் பெரும்பாலும் லதா அல்லது நிர்மலா எழுத்துரு இருக்கும். அவை விண்டோஸில் அனுப்பியவர் பார்த்தபடியே விரியும். இதே கோப்பை லினக்ஸில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தபோது அந்த எழுத்துருக்கள் அங்கே இல்லாததால் வேறொன்று வந்து உட்கார்ந்து, பன்னிரண்டு பக்கம் பதினான்கு பக்கமாகிவிட்டது. அட்டவணைகள் எல்லாம் கலைந்து, இரவு பதினொரு மணிக்கு விண்டோஸில் திரும்பவும் அடுக்கினேன். பக்க அமைப்பு முக்கியமான வேலையை அதன் பிறகு லினக்ஸில் தொட்டதில்லை.

விண்டோஸ்மேல் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. அது பழகிய கையை மதிப்பதில்லை. 2012இல் விண்டோஸ் 8 தொடக்கப் பொத்தானையே எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு 8.1இல் திரும்ப வைத்தது. விண்டோஸ் 11 வெளிவந்தபோது பணிப்பட்டையைத் திரையின் பக்கவாட்டில் வைக்கும் வசதி போய்விட்டது. வலச்சொடுக்குப் பட்டியலைச் சுருக்கி, நகலெடு, ஒட்டு, பெயர் மாற்று என்ற சொற்களைச் சிறு படங்களாக்கி மேலே ஒரு வரிசையில் வைத்தது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலச்சொடுக்கினால் பழைய பட்டியல் அப்படியே வரும், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சமையற்கட்டை யாராவது நம்மைக் கேட்காமல் மாற்றி அடுக்கினால் எப்படி இருக்கும்? உப்பு டப்பாவைத் தேடித் தேடி அலுத்துப்போகும் அல்லவா?

அப்பா கதைக்கு வருகிறேன். அவருடைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. உள்ளே இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பை ஓர் ஆண்டு நீட்டித்துக்கொள்ளும் வழி இருந்தது, ஆனால் அடுத்த ஆண்டும் இதே கேள்வி வரும். பழுதுபார்க்கக் காட்டிய கடையில், தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை. 2021 முதல் மின்கழிவைத் தனியாகச் சேகரிக்கும் திட்டம் இங்கே இருக்கிறது; நல்ல திட்டம். ஆனால் வேலை செய்யும் பொருளை அந்தப் பெட்டிக்குள் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் 22ஐ ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தேன். வைஃபை பிடித்தது, ஒலி வந்தது, கொக்கும் கௌரியும் சரியாக விழுந்தன. பிறகுதான் நிறுவினேன். 2029 வரை இதற்குப் புதுப்பிப்பு உண்டு. பட்டியல் இடது கீழ் மூலையில், கடிகாரம் வலது கீழ் மூலையில். எக்ஸ்பி காலத்திலிருந்து அப்பாவின் கை எங்கே போகுமோ அங்கேயே எல்லாம் இருந்தது. 2011இல் நான் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் யூனிட்டி என்ற புதிய முகப்போடு சில மாதம் போராடிவிட்டு விட்டுவிட்டேன். அந்த நினைவில் லினக்ஸ் என்றாலே எனக்குத் தயக்கம் இருந்தது. மின்ட் அதைப் போக்கிவிட்டது.

அவருக்கு வேண்டியது தமிழ்ச் செய்தி, காணொளி, மத்திய சேம நிதிக் கணக்கு, பேரப்பிள்ளைகளின் படங்கள். எல்லாம் உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அரசுச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸில், திரையில் உள்ள கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் வருடி உள்ளே போவதால், எந்த இயங்குதளம் என்று அது கவலைப்படுவதில்லை. ஏப்ரல் 18க்குள் தாக்கல் செய்ய வேண்டிய என் வருமான வரிக் கணக்கையும் இந்த ஆண்டு அந்த மடிக்கணினியில்தான் முடித்தேன். அச்சுப்பொறி தானாகச் சேர்ந்துகொண்டது. பழைய ஸ்கேனர் மட்டும் கடைசிவரை பேசவில்லை. இப்போது காகிதங்களைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறோம்.

பத்து நாள் கழித்து அப்பா கேட்டார்: “ஏம்மா, இது என்னிடம் எதையும் வாங்கச் சொல்லிக் கேட்பதே இல்லையே, சரியாகத்தான் வேலை செய்கிறதா?” முன்பு திரை ஓரத்தில் எது எழுந்தாலும் பயந்துபோய் என்னைக் கூப்பிடுவார். இப்போது வலது மூலையில் ஒரு கேடயச் சின்னம் மட்டும். புதுப்பிப்பு இருந்தால் அதில் ஒரு புள்ளி தோன்றும். நாம் சொல்லும்வரை அது காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் போய் அதை முடித்துவைப்பேன். போன ஞாயிறு நான் தேக்காவில் காய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது புள்ளி இல்லை. கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தட்டி அவரே முடித்துவிட்டு, தேநீர்க் குவளையோடு ஜன்னலருகே உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தார்.