அழைப்புக்குக் காத்திருப்பதா, கையிலுள்ள வேலையைச் செய்வதா?

"ஆண்டவர் என்னை எதற்காகப் படைத்தார்?" என்று கேட்பவர்களுக்கு வழக்கமாக நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. ஜெபித்துக் காத்திரு, அழைப்பு வரும். ஆவிக்குரிய வரங்களை, அதாவது ஆண்டவர் உனக்குத் தந்த திறன்களை, கண்டறியும் வினாத்தாளை நிரப்பு. உள்ளத்தின் அசைவுகளைச் சோதித்துப் பார். இவை எதுவும் வேண்டாம், இப்போது செய்கிற வேலையையே அழைப்பாக ஏற்றுக்கொள். நான்கையும் கலந்தடித்துச் சொல்லும்போதுதான் கேட்பவருக்குத் தலை சுற்றுகிறது.

வினாத்தாளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேதத்தில் பவுல் எழுதிய கடிதங்களில் ஒன்றான ரோமர் 12இல் ஏழு வரங்கள் வருகின்றன. 1 கொரிந்தியர் 12:8-10இல் ஒன்பது. இரண்டிலும் பொதுவாக இருப்பது தீர்க்கதரிசனம் மட்டுமே. முழுப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் எண்ணம் பவுலுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தவிர, நம்மைப் பற்றி நாம் ஏற்கெனவே நினைப்பதைத்தான் அந்தத் தாள் திருப்பிச் சொல்லும். திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மோசே அதை நிரப்பியிருந்தால், பார்வோன் முன்னால் போய் நின்றிருக்கவே மாட்டார். அழைப்பைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவைக்க வினாத்தாள் உதவும், அவ்வளவுதான்.

காத்திருப்பவர்கள் வேதத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள். சரி, அங்கே என்ன நடக்கிறது? மோசே மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். தீர்க்கதரிசி ஆமோஸ் மந்தை மேய்த்து, காட்டத்திப்பழம் பொறுக்கியவர். பேதுரு வலை வீசிக்கொண்டிருந்தார். வேலையை ஓரமாக வைத்துவிட்டு அழைப்புக்காக உட்கார்ந்திருந்தவர் இவர்களில் ஒருவரும் இல்லை. நினிவே நகருக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்ட யோனாவுக்கோ அதன் மேல் அக்கறையே கிடையாது. எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். ஆகவே "எனக்குள் ஒரு தாகம் எழட்டும், அப்புறம் கிளம்புகிறேன்" என்பதற்கு இந்தக் கதைகள் துணை நிற்பதில்லை.

அன்னை தெரேசா ஏழைகளிடம் போகும் அழைப்பை உணர்ந்தது 1946 செப்டம்பர் 10 அன்று, டார்ஜிலிங் செல்லும் ரயிலில். அதற்கு முன் கொல்கத்தாவில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார். மடத்தை விட்டு வெளியே போய்ப் பணி செய்ய அனுமதி கிடைத்தது 1948இல்தான். அதன் பிறகு பல பத்தாண்டுகள் மனத்துக்குள் இருளும் வெறுமையும் நிறைந்திருந்ததை 2007இல் வெளிவந்த அவரது கடிதங்கள் காட்டின. உணர்ச்சிப் பெருக்கையே அடையாளமாக வைத்திருந்தால், அவர் பாதியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாருடையது. எனக்கு அதிகம் பிடித்ததும் இதுதான். 1521இல் ஸ்பெயினின் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலுடைந்து படுத்திருந்தபோது, அவர் படிக்கக் கேட்டது வீரசாகசக் கதைகள். கிடைத்தது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும். படுத்தபடியே இரண்டு விதமாகக் கனவு கண்டார்: போர்வீரனாகப் புகழ் பெறுவது, புனிதர்களைப் போல வாழ்வது. காணும்போது இரண்டுமே இனித்தன. கலைந்த பிறகு முதலாவது வறட்சியை விட்டுச் சென்றது. இரண்டாவதன் மகிழ்ச்சி தங்கியது. எது இழுக்கிறது என்பதைவிட எது தங்குகிறது என்று பார்க்கும் இந்தச் சோதனை, இன்றைய "ஆர்வத்தைப் பின்தொடர்" அறிவுரையைவிட எவ்வளவோ கூர்மையானது.

மனத்தில் எந்த அசைவும் இல்லாதவர்களுக்கும் அவர் வழி சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வாய்? மரணப் படுக்கையில் இருக்கும்போது எதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பாய்? இப்படி நிதானமாக யோசித்து எடுக்கும் முடிவும் அவர் கணக்கில் முறையான தேர்வுதான். குறை ஒன்று உண்டு: தனியாகச் செய்தால் நமக்குச் சாதகமானதையே ஆண்டவர் சித்தம் என்று வாசித்துவிடுவோம். கேட்டுத் திருத்த ஒரு பெரியவர் வேண்டும்.

நான்காவது, மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் வழி. துறவிகளுக்கும் குருக்களுக்கும் மட்டுமே அழைப்பு என்றிருந்த காலத்தில், செருப்பு தைப்பவரும் பிள்ளை வளர்க்கும் தாயும் அந்த வேலையிலேயே கடவுளுக்கு ஊழியம் செய்கிறார்கள் என்றார். கேள்வியையே இது மாற்றிவிடுகிறது: எனக்கு என்ன பிடிக்கும் என்பது போய், என் வேலையால் யார் வாழ்கிறார்கள் என்பது முன்னே வருகிறது. உளவியலாளர்கள் பால் ஓ'கீஃப், கரோல் ட்வெக், கிரிகரி வால்டன் 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதன் பக்கம் சாய்கிறது. ஆர்வம் என்பது உள்ளே தயாராக இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்களின் ஈடுபாடு, வேலை கடினமானதும் மற்றவர்களைவிட அதிகமாகச் சரிகிறது.

ஆனால் இந்த வழியை அடக்கி வைக்கவும் பயன்படுத்தலாம். "நீ இருக்கிற இடத்திலேயே இரு, அதுதான் உன் அழைப்பு" என்று மேலே இருப்பவர் சொல்வது வசதி. அப்படிச் சொல்பவர்கள் காட்டும், அழைக்கப்பட்ட நிலையிலேயே இரு என்னும் 1 கொரிந்தியர் 7:20க்கு அடுத்த வசனத்திலேயே, விடுதலை கிடைக்குமானால் பெற்றுக்கொள் என்று பவுல் அடிமைக்குச் சொல்வதை விட்டுவிடுவார்கள்.

அன்றாடத்துக்கு லூத்தரை எடுத்துக்கொள்வேன்; வேலை மாற்றம், திருமணம், துறவு போன்ற திருப்பங்களில் இஞ்ஞாசியாரை. வேலை சலித்துப்போன ஒரு வாரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதத் தோன்றினால் அவருடைய இன்னொரு விதி உதவும்: மனம் வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. அநியாயமாக நடத்தும் இடத்துக்கு இந்த விதியைப் பொருத்தக் கூடாது. அங்கிருந்து கிளம்ப அழைப்பு எதுவும் தேவையில்லை.