'மிக்ஸ் கிரீம்' வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை இதை வாசியுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் சில பியூட்டி பார்லர்களிலும் ஃபான்சிக் கடைகளிலும் முகத்தை வெள்ளையாக்க என்று 'மிக்ஸ் கிரீம்' விற்கிறார்கள். சின்ன வெள்ளை டப்பா, மூடியில் 'நைட் கிரீம்' என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, எப்போது காலாவதி என்று ஒரு எழுத்தும் இல்லை. என் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பு அதை 2500 ரூபாய் கொடுத்து வாங்கினாள். பில் தரவில்லை.

பூசத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே முகம் வெளுத்தது. வெயிலில் திரிந்து கறுத்த கன்னம் அது, என்ன பூசுகிறாய் என்று அயலுக்குள் எல்லோரும் கேட்டார்கள். டப்பா முடிந்து அடுத்ததை வாங்கச் சுணங்கியபோதுதான் கூத்துத் தொடங்கியது. முகம் சிவந்து எரிந்தது. கன்னம் முழுக்கப் பரு. அடுப்படிச் சூட்டில் நிற்க முடியவில்லை. கிட்டப் பார்த்தால் மூக்கோரம் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள், தாடையில் புதிதாகப் பூனைமுடி.

டப்பாவையும் கொண்டு கடைக்குப் போனோம். "உடம்பில இருக்கிற நஞ்சு வெளியில வருது தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. இன்னொரு டப்பா பூசினா அடங்கும்" என்றார் அந்த அக்கா. உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எல்லாம் மூலிகைதான்." என்ன மூலிகை என்றதற்குப் பதில் இல்லை. காசும் திரும்பி வரவில்லை.

அவருடைய வியாபாரமே அந்த 'இன்னொரு டப்பா'வில்தான் ஓடுகிறது. பூசினால் உண்மையிலேயே அடங்கும். தோல் வைத்தியர் முகத்தைப் பார்த்தவுடன் ஸ்டீரோயிட் என்றுதான் சந்தேகப்பட்டார். குளோபெட்டாசோல், பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீரோயிட்கள் கடும் தோல் நோய்களுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பூசுகிற மருந்துகள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், பரு போடும், முடி வளரும். நிறுத்தினால் தோல் சிவந்து எரியும். திரும்பப் பூசினால் எரிவு தணியும், ஆனால் தோல் இன்னும் மெலியும். எரிகிறவர் கடைக்குத் திரும்ப வராமல் எங்கே போவார்? ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் அந்த அக்காவிடம் போகாமல் வைத்தியரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

வெள்ளையாக்கும் கிரீம்களில் பிடிபடுகிற இன்னொரு சாமான் பாதரசம். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உருவாவதை அது தடுக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பையும் விடாது. பூசியவரின் துவாய், தலையணையிலிருந்தும் ஆவியாகவும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும். வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இருக்கிறது. பாதரசம் சேர்த்த அழகுக் கிரீம்களைச் செய்வதும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதும் அதன்படி கூடாது. தடை இருந்தும் பல நாடுகளில் இவை இன்னும் பிடிபடுகின்றன.

லேபல் இருந்தால் வாசியுங்கள். ஆங்கிலத்தில் பாதரசத்தைக் குறிக்கிற மெர்க்குரி, மெர்க்கூரியஸ் குளோரைட், கலோமெல் என்று கண்டால் வைத்துவிட்டு வாருங்கள். 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்' என்று போட்டிருந்தாலும் அப்படியே. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும், அதற்குத்தான் அந்த எச்சரிக்கை. மோதிரத்துக்கு ஆகாததைப் பிள்ளையின் முகத்துக்குப் பூசச் சொல்கிறார்கள்! லேபலே இல்லாத டப்பாவில் வாசிக்கவும் ஒன்றுமில்லை, அதைத் தொடவே வேண்டாம்.

தங்கச்சியின் முகம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. கல்யாணப் படங்களில் என்ன நிறத்தில் இருக்கிறாள் என்று இப்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை. முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், இல்லாவிட்டால் டப்பாவையாவது வைத்திருங்கள். அதைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் பக்கம் குப்பையைக் கூட்டி வளவுக்குள்ளேயே எரிக்கிற பழக்கம் இருக்கிறது. இதை மட்டும் எரிக்காதீர்கள். உள்ளே பாதரசம் இருந்தால் அத்தனையும் புகையோடு முற்றத்துக்குத்தான் வரும்.