சோலைத் தோட்டத்துக்கு எந்தப் பூமரம்: கொன்றையா, குல்மோகரா, பூமருதா?

சோலைபோல ஒரு தோட்டம் வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் பூவைப் பார்த்தே மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பூ நிற்பதோ சில வாரங்கள். ஆண்டின் மீதி நாள்களில் அந்த மரத்தடியில் எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது, வேர் எங்கே ஓடுகிறது, என்னென்ன உதிர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடியில் செடி வைக்க முடியுமா என்பது தெரியும். வெப்பமண்டலத்தில் கோடை தொடங்கும்போது பூக்கும் மரங்கள் என்றால் உடனே சொல்லப்படுபவை சரக்கொன்றை, குல்மோகர், பூமருது. மூன்றையும் கீழே நின்று பார்த்தால் என் தேர்வு பலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

குல்மோகரை முதலில் முடித்துவிடுகிறேன். மடகாஸ்கரின் வறண்ட காடுகளிலிருந்து உலகெங்கும் பரவிய மரம். வேகமாக வளரும், உயரத்தைவிட அகலமாகக் குடை விரிக்கும். அந்தச் சிவப்புக்கு ஈடு இல்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் வேர்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே ஓடி நீரையும் உரத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. அடியில் புல்கூடச் சரியாக வராது. கிளைகள் மென்மையானவை, பலத்த காற்றில் முறியும். பொடிப்பொடியாக உதிரும் சிற்றிலைகளைப் பெருக்கி எடுக்கவும் முடியாது. திறந்த வெளியில், கட்டடங்களையும் நடைபாதையையும் விட்டு விலகித் தனியாக நிற்பதற்கு அருமையான மரம். பல அடுக்காகச் செடிகள் வளர வேண்டிய சோலைக்குள் அதற்கு வேலை இல்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

சரக்கொன்றையின் பூச்சரம் சில சமயம் ஒரு முழத்துக்கும் மேல் தொங்கும். காற்று பட்டால் முழு மரமும் ஆடுவதுபோல் இருக்கும். பூக்களுக்குள் நீண்டு வளைந்த மூன்று மகரந்தத் தாள்களைக் கவனித்தால் தச்சுத் தேனீக்கள் ஏன் அதைச் சுற்றுகின்றன என்பது புரியும். அவை மகரந்தத்துக்காகவே வருகின்றன. இலைகளை வெள்ளையும் மஞ்சளுமான பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் தின்னும். சில சமயம் ஒரு கிளையே வெறுங்கிளையாகிவிடும். அதற்காக மருந்து தெளிக்கத் தேவையில்லை, மரம் மீண்டும் தளிர்த்துவிடும். (சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்தை அறிவிக்கும் மரம். இன்று அதைக் கோடை மரமாகவே அறிந்திருக்கிறோம். மழையைப் பார்த்தால் இன்றும் சில மரங்கள் மறுபடி பூக்கத்தான் செய்கின்றன.)

குறை எங்கே என்றால், வறண்ட இடங்களில் கொன்றை பெரும்பாலும் இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கிறது. அழகுக்குக் காரணமும் அதுவே, சோலைக்குச் சிக்கலும் அதுவே. வெயில் உச்சத்தை நெருங்கும் வாரங்களில் மேலே கூரை இல்லை. நிழலை நம்பி நட்ட செடிகள்மீது முழு வெயில் இறங்குகிறது. இலை இருக்கும் காலத்திலும் அதன் நிழல் அடர்த்தியானது அல்ல. பூ முடிந்தபின் வரும் நீளமான காய்கள் கறுத்து மாதக்கணக்கில் தொங்கும். உடைந்தால் உள்ளிருக்கும் பிசினின் வாடை எல்லாருக்கும் பிடிக்காது. விதை முளைப்பதும் எளிதல்ல. மேல்தோலைக் கீறியோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைக்க வேண்டும், பூவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பூமருது நடந்துகொள்ளும் விதம் வேறு. அதுவும் இலையுதிர் மரம்தான். ஆனால் இலையை முன்கூட்டியே, செம்மை ஏறவிட்டு உதிர்த்து, புதுத்தழை கட்டிய பிறகு பூக்கிறது. ஊதாப் பூங்கொத்துகள் கிளைநுனியில் நிமிர்ந்து நிற்க, கீழே பசுமைக் கூரை ஆயத்தமாக இருக்கிறது. கசக்கிய பட்டுத்துணிபோல் இருக்கும் இதழ்கள் நாள்பட வெளிறுவதால் ஒரே கொத்தில் பல நிறங்கள் தெரியும். மாதுளையும் மருதாணியும் இதன் குடும்பத்துக்காரர்கள். ஆற்றங்கரை மரம் என்பதால் ஈரத்தைத் தாங்கும். மழைக்குச் சில நாள் நீர் தேங்கும் பள்ளத்தில் கொன்றையை நட்டால் வேர் அழுகிவிடும், பூமருது சமாளித்துவிடும். உதிரும் இலை பெரியது, தடித்தது. அப்படியே விட்டால் மண்ணை மூடிக் காக்கும் நல்ல மூடாக்கு.

ஆகவே சோலைக்கு என் தேர்வு பூமருது. பாசனத்துக்கு வழியில்லாத மேட்டு நிலம் என்றால் மட்டும் என் முடிவு மாறும். நீர் இல்லாத இடத்தில் பூமருது இளைத்துப்போகும், அங்கே கொன்றைதான். நீர் கொஞ்சமாவது உண்டென்றால் நடுவில் பூமருது, வெயில் தாராளமாக விழும் ஓரத்தில் ஒரு கொன்றை. நெருக்கத்துக்குள் நட்டால் கொன்றை வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளரும், பூவும் குறையும்.

அடுத்தது அடியில் வைக்கும் புதர்கள். குண்டுமல்லியை இங்கே கொண்டுவராதீர்கள். நிழலில் அது இலை மட்டும் விடும். வெட்சியா நந்தியாவட்டையா என்று கேட்டால், வெட்சிக்கு மண் புளிப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகிவிடும். அரை வெயில் கிடைத்தால் நன்றாகப் பூக்கும், ஆழ்ந்த நிழலில் கஞ்சத்தனம் காட்டும். நந்தியாவட்டை இதிலெல்லாம் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. இருண்ட மூலையில் வெள்ளைப் பூக்கள் எடுப்பாகவும் தெரியும். பொறுமை உள்ளவர்களுக்கு மனோரஞ்சிதம்: கொக்கிக் காம்புகளால் பற்றி ஏறும் புதர், இலை நிறத்திலேயே பூத்து, மஞ்சளாகும்போது மணக்கத் தொடங்கும். பூவைக் கண்ணால் தேடினால் கிடைக்காது.

கவாத்து செய்யும் காலத்தில் இரண்டு மரங்களையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. பூமருது அந்த ஆண்டுத் தளிரில் பூப்பதால், இலையுதிர்ந்து நிற்கும்போதே வெட்டிவிட வேண்டும். கொன்றையைப் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும்.