தள்ளி வைக்கும் ரொறன்ரோ, அள்ளிப் போகும் மொன்றியல்

"மொன்றியலில் ஸ்னோ இன்னும் கூடவாமே, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். ஸ்னோ கூடத்தான், ஆனால் நடந்து போகிறவருக்கு அங்கேதான் சுகம் என்பேன். யாரும் நம்புவதில்லை. மொன்றியலில் வருசத்துக்குச் சராசரியாக 210 செ.மீ. அளவில் கொட்டுகிறது. ரொறன்ரோவில் 120 செ.மீ. அளவுதான், கிட்டத்தட்டப் பாதி. ஆனால் விழுந்த ஸ்னோவை இரண்டு நகரங்களும் என்ன செய்கின்றன என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

மொன்றியலில் கோட்-தே-நேஜ் பகுதியில் சில குளிர்காலங்கள் இருந்தேன். அந்தப் பெயருக்கே பனி மூடிய மலைச்சரிவு என்றுதான் அர்த்தம். கொட்டி முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, தெருவோர ஸ்னோக் குவியலில் செம்மஞ்சள் அறிவித்தல் பலகை குத்தியிருப்பார்கள்: இரவு 7 முதல் காலை 7 வரை இந்தப் பக்கம் கார் விடக்கூடாது. பலகையைப் பார்க்காமல் படுத்தவரை எழுப்ப ஒரு சைரன் உண்டு. கார் இழுக்கும் லொறிதான் அந்தச் சைரனை அடித்துக்கொண்டு மெதுவாக வரும். சாரத்துக்கு மேல் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஓடிய இரவுகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. பிந்தினால் காரைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள், கண்ணாடியில் தண்டச் சீட்டு இருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதை ஜன்னலோரம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்னச் சங்கிலி வண்டி நடைபாதையில் ஓடி ஸ்னோவைத் தெருவுக்குத் தள்ளும். பெரிய வண்டிகள் அதைத் தெரு நெடுக ஒரே வரம்பாகச் சேர்க்கும். கடைசியாக ஊதி எறியும் இயந்திரம் வந்து அந்த வரம்பை அப்படியே விழுங்கி, பக்கத்தில் கூடவே ஊரும் லொறிக்குள் வீசும். ஒரு லொறி நிறைந்ததும் அடுத்தது அந்த இடத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தெருவில் தார் தெரியும், நடைபாதை விளிம்பும் தெரியும். அள்ளிய ஸ்னோவில் ஒரு பகுதி கழிவுநீர்க் குழாய்களுக்குள் கொட்டப்பட்டு, அந்த நீரின் சூட்டில் கரைகிறது. மிச்சம் கொட்டும் இடங்களுக்குப் போகிறது. சென்-மிஷேல் பக்கமுள்ள ஃபிரான்கோன் என்ற பழைய கற்குழிதான் அதில் பெரியது. கோடைகாலத்திலும் அங்கே கறுத்த பனிமலை ஒன்று கரையாமல் நிற்கும்.

ரொறன்ரோவின் வழி வேறு. நெடுஞ்சாலையில் 2.5 செ.மீ., பெரிய வீதிகளில் 5, குடியிருப்புத் தெருக்களில் 8 செ.மீ. விழுந்ததும் வழிக்கும் வண்டிகள் வெளிக்கிடும். வழித்த ஸ்னோவை ஓரத்தில் தள்ளி வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பார்கள். இங்கே இடையிடையே சூடு ஏறிக் கரைவதால் இதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் கார் ஏறும் பாதையான ட்ரைவேக்குக் குறுக்கே வண்டி விட்டுப் போகும் வரம்பை, புறநகர்ப் பகுதிகளில் நகரசபையே பின்னால் வந்து திறந்துவிடுகிறது. 2021 குளிர்காலத்திலிருந்து நடைபாதைகளையும் அநேகமாக நகரம் முழுவதும் அவர்களே வழிக்கிறார்கள். கார் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் இல்லை.

குறை சந்தியிலும் பஸ் நிறுத்தத்திலும் இருக்கிறது. வீதி வண்டி ஒரு பக்கமிருந்து தள்ளியதும் நடைபாதை வண்டி மறுபக்கமிருந்து தள்ளியதும் அங்கேதான் சந்திக்கின்றன. இரவில் அது இறுகிக் கல்லாகிவிடும். போன குளிர்காலத்தில் சாமான் வண்டிலை இழுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா அந்த வரம்புக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். முதலில் வண்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக ஏறி இறங்கினார். பஸ்காரர் பொறுமையாக நின்றார். எல்லாரும் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்காபரோவின் ஆர்.ரி. ரயில் 2023 யூலையில் தடம் புரண்டு நிரந்தரமாக மூடப்பட்ட பிறகு, அதில் போன சனமெல்லாம் இப்போது பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது. மொன்றியல் மெற்றோவோ முழுவதும் நிலத்துக்குக் கீழே, ரப்பர் சில்லில் ஓடுகிறது. மேலே எவ்வளவு கொட்டினாலும் அதற்கு ஒன்றுமில்லை.

2025 பெப்ரவரியில் இரண்டு நகரங்களுக்கும் ஒரே சமயத்தில் சோதனை வந்தது. ரொறன்ரோவில் அடுத்தடுத்த புயல்களில் 50 செ.மீ.க்கு மேல். மொன்றியலில் நாலே நாளில் 70 செ.மீ.க்கு மேல். இரண்டுமே திணறின, அள்ளி முடிக்க வாரக்கணக்கில் எடுத்தன. ஆனால் மொன்றியலில் லொறி, ஆள், கொட்டும் இடம் எல்லாம் வருசாவருசம் தயாராக இருக்கும். அங்கே தாமதம்தான் பிரச்சினை. ரொறன்ரோவுக்கு அள்ளுவது அபூர்வமான வேலை என்பதால், எந்தத் தெருவில் தொடங்குவது என்பதே ஒரு கேள்வியாகிவிடுகிறது.

மொன்றியலை மட்டும் புகழ்ந்தால் அது பொய். அங்கே சங்கிலி வண்டி போன பிறகும் நடைபாதையில் மெல்லிய ஐஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது, சல்லிதான் போடுவார்கள். மழை பெய்து இரவில் உறைந்தால் சல்லியும் ஐஸுக்குள் போய்விடும். அந்த நாட்களில் சப்பாத்துக்கு மாட்டும் ஆணிப்பட்டி இல்லாமல் வயதானவர்களை வெளியே விடவே கூடாது.

வாகனத்திலும் மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம்தான் கண்டிப்பு. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, போட்டவருக்கு 2016 முதல் காப்புறுதியில் கழிவு மட்டும் உண்டு. 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

சரி, எது நல்லது? சொந்த வீடு, ட்ரைவே, கார் இருந்தால் ரொறன்ரோவின் குளிர்காலம் இலகு. கார் இல்லாதவர், தள்ளுவண்டிலில் பிள்ளை வைத்திருப்பவர், ஊன்றுகோலோடு நடக்கும் பெற்றோர் உள்ளவர் என்றால் என் வாக்கு மொன்றியலுக்கு. ரொறன்ரோ எல்லாத் தெருவையும் அள்ள வேண்டியதில்லை. பஸ் நிறுத்தங்களையும் சந்திகளையும் முதலில் அள்ளட்டும். அதைச் செய்தாலே அந்த அம்மா யார் கையையும் பிடிக்காமல் பஸ் ஏறுவார்.

மொன்றியலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று. தெருவோரக் குவியலில் குகை தோண்டி விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். ஊதும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது.