களுவாஞ்சிகுடியிலிருந்து ஒன்லைனில் சாறன் விற்றால் கையில் என்ன மிஞ்சும்?

ஒன்லைன் சந்தைத் தளத்தில் கடை திறக்கலாமா, சம்பளத்துக்கு மேலே ஏதாவது தேறுமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை, ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். அந்த மூன்றும் சாறன் விற்றதற்கு. பாய் விற்க முயன்றதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்று கூட மிஞ்சாது.

என்னுடைய முக்கியச் சரக்கு மருதமுனைக் கைத்தறிச் சாறன். இங்கிருந்து கல்முனை றோட்டில் கல்லாறு தாண்டிப் போனால் மருதமுனை, தறிக்காரரிடமே நேரே எடுக்கலாம். கடைக்குக் கணக்குத் திறப்பது லேசு. அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், போன் நம்பர், அவ்வளவுதான். கணக்கை மனைவியின் பெயரில் திறந்தோம். வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வியாபாரப் பெயர் பதிவு உடனே கட்டாயமில்லை என்றார்கள். ஆனாலும் பிரதேச செயலகத்தில் செய்துவைத்துக்கொள்வது நல்லது, வங்கியில் நடைமுறைக் கணக்கு திறக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, காசுக்கு வருவோம். தறியில் 1,650 ரூபாய்க்கு எடுக்கும் சாறனைத் தளத்தில் 2,400க்குப் போடுகிறேன். கொமிஷனும் பணம் கையாளும் கட்டணமும் சேர்த்து என் வகைப் பொருளுக்கு 12 வீதம் அளவில் போகிறது, அது 288 ரூபாய். கவர், டேப், லேபல் எல்லாம் ஒரு 60. மிஞ்சுவது 402 ரூபாய். பைக் பெற்றோலை நான் இதில் போடவில்லை, போட்டால் மனசு விட்டுப்போகும். இதைப் பார்த்துவிட்டு ஒரு சாறனுக்கு 750 ரூபாய் லாபம் என்று ஊரில் கதைப்பவர்களை என்ன சொல்வது!

இதற்குள் பெரிய விற்பனை நாள் வேறு வரும். நவம்பர் 11ஆம் திகதி விற்பனை 2009இல் சீனாவில் அலிபாபா தொடங்கி வைத்தது, இப்போது இங்கேயும் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். கடைக்காரராகிய நாங்களும் 10 வீதம் குறைத்தால்தான் முன்பக்கத்தில் காட்டுவோம் என்று தளத்தார் சொல்வார்கள். குறைத்தால் சாறன் 2,160, கொமிஷன் கழித்து, பொதி கழித்து, கையில் நிற்பது 190 ரூபாய் சொச்சம். ஓடர் குவியும், உண்மைதான். ஆனால் நவம்பர் எங்களுக்கு மாரி மழை. கரண்ட் போகும், றோட்டில் தண்ணி நிற்கும், லேபல் அடிக்கும் கடை பூட்டியிருக்கும், தளமோ குறித்த நேரத்துக்குள் பார்சலைக் கொடுக்காவிட்டால் கடையின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். கொழும்பில் வெயில் எறித்தால் நாடு முழுக்க வெயில் என்று நினைத்துச் செய்த விதி இது. நோன்புப் பெருநாளுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் முன் வரும் ஓடர்தான் நமக்குத் தோதானது: மழை இல்லை, விலை குறைக்கவும் தேவையில்லை, குருநாகல், கம்பஹா பக்கத்திலிருந்தெல்லாம் கேட்பார்கள்.

பார்சல் எடுக்க வரும் பொடியனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. மழைக்காலத்தில் வெளியே ஒட்டின லேபலின் மை கரைந்து முகவரி அழிந்துவிடும், அதனால் முகவரியை ஒரு துண்டில் எழுதிச் சாறனோடு உள்ளேயும் வைக்கச் சொன்னது அவன்தான். லேபலுக்கு மேல் அகலமான டேப்பை ஒட்டும்போது பார்கோடு மேல் சுருக்கம் விழாமல் பார்க்கச் சொன்னதும் அவன்தான், சுருக்கம் இருந்தால் ஸ்கேன் ஆகாதாம். தளத்தின் பயிற்சி வீடியோக்களில் இந்த இரண்டும் இல்லை.

இனி ரிட்டர்ன். பொருளைக் கையில் வாங்கிக் காசு கொடுக்கும் முறைதான் நம் சனத்துக்குப் பிடிக்கும், அதில் பிழை இல்லை. ஆனால் ஓடர் போட்டவர் வீட்டில் இல்லை, போன் எடுக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் சாறன் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும், அதுவரைக்கும் அந்த 1,650 ரூபாய் முடங்கிக் கிடக்கும். வந்த புகார்களில் அதிகமானது நிறம். மெரூன் என்று வாங்கினேன், வந்தது வேறு நிறம் என்பார்கள். தறிக்கார நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, வெயில்ல வெச்சிப் புடிச்சா செவப்பாத்தான் தெரியும், நிழல்ல புடிங்க" என்றார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் விறாந்தையில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, கரையும் உடலும் சேருகிற இடம் தெரியும்படி ஒரு படம், நூல் தெரியும்படி கிட்டவாக ஒரு படம் எடுத்துப் போட்ட பிறகு நிறப் புகார் நன்றாகக் குறைந்துவிட்டது.

ஒரு தடவை திரும்பி வந்த பொதியைப் பிரித்தால் உள்ளே பொலியெஸ்டர் சாறன். நம்முடையது இல்லை. திரும்பி வரும் எதையும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்கும் பழக்கம் மனைவிக்கு இருந்ததால் முறைப்பாடு போட முடிந்தது, காசும் வந்தது. அதற்குள் உதவி எண்ணுக்கு எடுத்துப் பட்ட பாடு இருக்கிறதே! தமிழுக்கு இலக்கத்தை அழுத்து என்று குரல் சொல்லும், அழுத்தினால் பேசுபவர் சிங்களத்தில் தொடங்குவார். சட்டில் (chat) எழுதினால் எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலை வெட்டி ஒட்டுவார்கள். ஒரு நட்சத்திரத்தை இதற்கே வெட்டினேன்.

மற்றதை வெட்டியது பாய். பன் என்கிற புல்லில் பாய் நம்ம ஊர்ப் பக்கத்தில் அக்காமார் இழைக்கிறது, அவ்வளவு வடிவு, கொழும்பில் எடுப்பார்கள் என்று நம்பித்தான் போட்டேன். கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000 ஆல் பிரித்து வரும் எண்ணைக் கிலோவாக எடுப்பார்கள். தராசு காட்டும் நிறையை விட அது கூடினால் அதற்குத்தான் காசு. சுருட்டிய பாய் 90 சென்டிமீட்டர் நீளம், பொதி 14க்கு 14 என்று வையுங்கள். கணக்கு மூன்றரைக் கிலோ வரும், தராசில் ஒரு கிலோ சொச்சம்தான். அனுப்பும் கூலியைப் பார்த்துவிட்டே ஆட்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். மடித்து அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். காய்ந்த பன்னை மடித்தால் மடிப்பில் முறிந்துவிடும், அக்காமாரிடம் போய் இதைச் சொன்னால் பாயாலேயே அடிப்பார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டுக்குக் கீழே வைக்கிற சின்ன விரிப்பாக இழைத்துத் தந்தார்கள், அது ஆறு சேர்த்துத் தட்டையாகப் பொதி பண்ணினால் சாறன் மாதிரியே போகிறது. பெரிய பாய் இப்போது வட்ஸ்அப்பில் மட்டும்தான், அதுவும் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்து.

தயிர் விற்கலாமே என்று கேட்பவர்களுக்கு: மட்டக்களப்புத் தயிரின் பெயர் பெரிதுதான், ஆனால் சட்டியோடு கூரியரில் போட்டால் போய்ச் சேருவது ஓடுதான்.

பணம் கிழமைக்கு ஒருமுறை வங்கிக்கு வருகிறது, இதில் குறை சொல்ல முடியாது. கணக்கு அறிக்கையை மட்டும் தரவிறக்கி ஓடர் ஓடராகப் பாருங்கள், ரிட்டர்ன் ஆன பொருளுக்கும் சில நேரம் கட்டணம் வெட்டுப்பட்டிருக்கும், கேட்டால் திருப்பிப் போடுவார்கள், கேட்காவிட்டால் இல்லை. சம்பளக்காரர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு, ஆனால் அது சம்பளமும் இந்த லாபமும் எல்லாம் சேர்த்துப் பார்க்கிற தொகை.

பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் விற்றால் கொமிஷன் இல்லை, உண்மை. ஆனால் விடியப்புறம் தொடங்கி "விலை என்ன", "கடைசி விலை என்ன" என்று கேட்டுவிட்டு வாங்காமல் போகும் கூட்டத்துக்குப் பதில் எழுதவே ஒரு ஆள் வேண்டும். முகம் தெரியாத ஆள் களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஒருவருக்கு முற்பணம் போடவும் தயங்குவார். தளத்தில் அந்தப் பயம் அவருக்கு இல்லை, அந்த 12 வீதத்தை அதற்குக் கொடுக்கும் கூலியாகத்தான் நான் பார்க்கிறேன். தளத்தில் ஒருமுறை வாங்கினவர் மறுமுறை கடைப் பெயரைத் தேடி வருகிறார், அது பேஸ்புக்கில் எனக்கு நடந்ததில்லை.

அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பக்கம் இருப்பவர்கள் கணக்குத் திறக்க முதல் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பார்சலை வீட்டுக்கு வந்து எடுப்பார்களா, இல்லை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா, கொடுப்பதென்றால் எந்த ஊரில், எத்தனை மணி வரைக்கும். இரண்டு சாறனைக் கொடுக்கக் கல்முனை வரைக்கும் பஸ் ஏற வேண்டும் என்றால் அந்த 402 ரூபாயில் மிஞ்ச ஒன்றும் இல்லை.