லண்டன் கலக வரலாற்று நடைப்பயணம்: முற்பாதிக்காகவே போகலாம்

லண்டனில் நடந்த கலகங்களை மட்டுமே பொருளாகக் கொண்டு சிறிய தனியார் குழு ஒன்று நடத்தும் இந்த நடைப்பயணம், புளூம்ஸ்பரி சதுக்கத்தில் தொடங்கி, ஹோல்பர்ன், ஓல்ட் பெய்லி வழியாக இங்கிலாந்து வங்கியின் எதிரே முடிகிறது. நேரத்தின் பெரும்பகுதியை 1780 ஜூன் மாதத்துக் கார்டன் கலகத்துக்கே ஒதுக்கியிருப்பது நல்ல முடிவு.

கத்தோலிக்கர்களுக்குச் சில உரிமைகளை வழங்கிய 1778-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கக் கோரி, ஜார்ஜ் கார்டன் பிரபுவின் தலைமையில் ஜூன் 2 அன்று நாடாளுமன்றத்துக்குச் சென்ற கூட்டம், நான்கே நாட்களில் நியூகேட் சிறையைக் கொளுத்தியது. படைவீரர்கள் நகரில் இருந்தும் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு வழிகாட்டி தரும் விளக்கமே கட்டணத்துக்கு ஈடானது. கலைந்து செல்லும்படி நீதிபதி ஒருவர் கூட்டத்தின் முன் ஆணையை வாசித்து ஒரு மணி நேர அவகாசம் தர வேண்டும் என்றது கலகச் சட்டம். வாசித்தால் தம் வீடு எரியும் என்று நீதிபதிகள் அஞ்சினார்கள். அவர்களின் உத்தரவின்றிச் சுட்டால் கொலை வழக்கு வரும் என்று படை அதிகாரிகள் தயங்கினார்கள். லண்டன் பெருநகரக் காவல்துறை உருவானதோ 1829-இல்தான். நீதிபதிகளுக்காகக் காத்திராமல் சுடலாம் என்று ஜூன் 7 அன்று அரசாணை பிறந்த பிறகு நிலைமை தலைகீழானது. சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 285 பேர் என்பது அக்காலக் கணக்கு.

தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டின் வீடும் நூலகமும் எரிந்த புளூம்ஸ்பரியில் நிற்கும்போதே, மறு ஆண்டு கார்டன் மீதான தேசத்துரோக வழக்கை விசாரித்தவரும் அவரே என்றும், கார்டன் விடுதலையானார் என்றும் சொல்லியிருக்கலாம். அதை ஏனோ கடைசியில் போகிற போக்கில் சொல்கிறார்கள். ஹோல்பர்னில் லாங்டேலின் சாராய ஆலை எரிந்த கதைக்குக் கொடுத்த நேரத்தைச் சற்றுக் குறைத்திருக்கலாம்.

பெரிய குறை இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுகள்தான். 1936-இல் கேபிள் தெருவில் பாசிஸ்டுகளின் ஊர்வலத்தை மறித்தவர்களையும், 1981-இல் பிரிக்ஸ்டனில் போலீஸ் சோதனைகளால் கொதித்தெழுந்த கறுப்பின இளைஞர்களையும், 2011-இல் டாட்டன்ஹாமில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய கலவரத்தையும், வங்கிச் சுவரோரம் நிற்கவைத்து ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்கள். காரணங்கள் முற்றிலும் வேறான இந்நிகழ்வுகளை அடுக்கிச் சொல்வதால் கேட்பவருக்கு ஆண்டுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. இவற்றுக்குத் தனி நடை வைப்பதே முறை.

விளக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே, ஒலிபெருக்கி கிடையாது. வார நாட்களில் வாகன இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும் என்பதால், அலுவலகங்கள் மூடியிருக்கும் ஞாயிறு காலை நடைக்கே முன்பதிவு செய்யுங்கள்.